சும்மா ஓடும் கரண்ட்

இதில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. பாலாற்றில் கரை புரண்டு தண்ணீர் ஓடிய வருஷங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த வருஷங்கள் மேல் ஆணை. வேலூர் கோட்டை அகழி மேல் ஆணை. ஆம்பூரில் மத்தியானம் மூடி திறக்கும் பிரியாணி அண்டா மேல் ஆணை. அந்த அண்டா மேல் பொய்ச்சத்தியம் செய்த எவனுக்கும் அதற்கப்புறம் இந்த ஊரில் பசியே எடுத்ததில்லை. நம்பிக்கை இல்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

ஆம்பூரில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர்கள் நிறையப் பேர். எல்லாரும் ஆம்ப்ளிஃபயரைக் கடையில் வாங்கினார்கள். இன்பராஜ் மட்டும் தன் கையால் செய்தான். மற்றவர்கள் செட்டில் பிரசங்கியார் கத்தினால் நன்றாகக் கேட்கும், கட்சிக்காரர் கத்தினால் இன்னும் நன்றாகக் கேட்கும். யாராவது மெதுவாகப் பேசினால்தான் வம்பு. சோற்றில் மண் விழுந்த மாதிரி குரல் நறநறவென்று உடைந்து வரும்.

அது ஏன் என்று இன்பராஜுக்குத் தெரியும். ட்ரான்சிஸ்டர் ஒரு தூங்குமூஞ்சி. பெரிய சத்தம் வந்தால் எழுந்துகொள்ளும், சின்னச் சத்தத்துக்குக் கண்ணைத் திறக்காது. அதனால் பாட்டும் பேச்சும் இல்லாத நேரத்திலும் அதற்குள் கொஞ்சம் கரண்ட் சும்மா ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பெயர் பயாஸ். அது கம்மியானால் சின்னக் குரல் உடையும். ஜாஸ்தியானால் செட்டு சூடாகும். சூடு ஏறினால் கரண்ட் ஏறும், கரண்ட் ஏறினால் இன்னும் சூடு ஏறும், கடைசியில் புகைதான். அது நடக்காமல் இருக்க, ட்ரான்சிஸ்டரைத் தாங்கும் அலுமினியத் தகட்டின் முதுகில் ஒரு டயோடை ஒட்டிவைப்பான். அரிசி மணி அளவுதான் இருக்கும். தகடு சூடாவதைத் தொட்டபடியே தெரிந்துகொண்டு, கரண்ட் எகிறாமல் அதுவே அடக்கிவைக்கும்.

அளவு வைக்க மற்றவர்கள் மீட்டர் வைத்திருந்தார்கள். இன்பராஜ் அமிர்தவள்ளியை வைத்திருந்தான். அவள் அவன் மனைவி; ஷூ கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டுகிறவள். நாள் முழுக்க மிஷின் சத்தத்தில் இருந்துவிட்டு வருவதால் வீட்டில் அவள் குரல் தரையை விட்டு எழும்பாது. புது செட் செய்து முடித்ததும் அவளை மைக் முன்னால் நிறுத்துவான்.

“இன்னா சொல்லணும்?”

“எதுனா சொல்லு.”

“சோறு ஆறுது” என்று முணுமுணுப்பாள். அந்த இரண்டு வார்த்தையும் உடையாமல் முழுசாக வரும்வரை அவன் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவான். சோறு நிஜமாகவே ஆறிப்போகும். அப்படி அளவு வைத்த செட்டில் ஒரு தடவை மைக் மேல் எறும்பு ஊர்ந்தது. பேரணாம்பட்டு ரோட்டில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர், பின்னால் லாரி வருகிறது என்று ஒதுங்கி நின்றார்கள்.

கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றையும்விட சாவு வீட்டுக்குத்தான் இன்பராஜ் செட்டைத் தேடி வருவார்கள். அழுகிற குரல் சின்னக் குரல் அல்லவா. சாவு வீட்டு செட்டுக்கு அந்தத் தெருக்களில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்கூட அதை அணைக்கக் கூடாது. பெட்டி கல்லறைக்குப் போய், மண் போட்டு, ஆட்கள் கைகால் கழுவிய பிறகு, உரிமைப்பட்டவர் செட்டுக்குப் பக்கத்தில் வந்து “போதும்” என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். செத்தது ஆம்பளை என்றால் மகன். பொம்பளை என்றால் பிறந்த வீட்டு ஆள். அந்த வார்த்தை வரும்வரை செட்டு ஊமையாக, உள்ளே கரண்ட் சும்மா ஓட, வெதுவெதுவென்று காத்துக்கிடக்கும். வார்த்தை வராமல் அணைத்தால், செத்தவரை வாசலில் நிற்கவைத்துக் கதவைச் சாத்தினது மாதிரி.

இன்பராஜ் ஒரே ஒரு தடவை அப்படி அணைத்துவிட்டான். அதுவும் தன் மாமனார் சாவில்.

மாமனார் வீடு வாலாஜாபேட்டை. செத்தது கத்திரி வெயிலில். பந்தலுக்கு வெளியே, வெயில் நேராக விழுகிற இடத்தில் செட்டு. பெட்டி இன்னும் எடுக்கவில்லை, பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று ரப்பர் கருகுகிற வாடை. எட்டிப் பார்த்தால், தகட்டில் ஒட்டியிருந்த டயோடு பசை விட்டுக் கழன்று தொங்குகிறது. அடக்குவதற்கு ஆள் இல்லாமல் கரண்ட் ஏறிக்கொண்டே போகிறது. இன்பராஜ் யோசிக்கவில்லை. சுவிட்சைத் தட்டிவிட்டான். பாட்டு பாதியில் அறுந்தது. பந்தலே திரும்பிப் பார்த்தது.

மாமனாருக்கு ஒரே மகன் வசந்த். அமிர்தவள்ளிக்குத் தம்பி. ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில் தோலுக்குச் சாயம் அடிக்கிற வேலை. தலையில் துண்டோடு எழுந்து வந்தான்.

“யார் நிறுத்தினது?”

“செட்டு எரியுது மச்சான். டயோடு விட்டுடுச்சி.”

“எங்கப்பன் அங்க படுத்துனு இருக்காரு. உன் செட்டு எரிஞ்சா இன்னா, எரியாட்டி இன்னா?”

“கொஞ்ச நேரம் குடு. ஒட்டிட்டுப் போட்டுடறேன்.”

“போதும்னு நான் சொன்னனா மாமா? எங்கப்பனுக்குப் போதும்னு சொல்ல நீ யாரு?”

இன்பராஜ் ஒட்டினான், மறுபடி போட்டான், பாட்டும் வந்தது. ஆனால் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு அதோடு நின்றுபோனது. அதற்கப்புறம் கிறிஸ்துமஸுக்கு அமிர்தவள்ளி மட்டும் தனியாக பஸ் ஏறி வாலாஜா போய் வந்தாள். தம்பி அங்கே கொதித்துச் சொன்னதை இங்கே கொண்டுவருவதற்குள், பாதிச் சூட்டை வேலூர் பஸ் ஸ்டாண்டிலேயே ஆற்றிவிடுவாள். புருஷன் இங்கே பல்லைக் கடித்துச் சொன்னது அங்கே போகும்போது நலம் விசாரிப்பாக மாறியிருக்கும். இப்படியே வருஷங்கள் ஓடின.

அமிர்தவள்ளி செத்தது ஒரு திங்கட்கிழமை. கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தவள், தலை சுற்றுகிறது என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் பையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். எழவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடின பரபரப்பில், சோற்றுப் பை மட்டும் பஸ் ஏறி கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது.

வேறு ஆளிடம் செட்டு சொல்லிவிடலாம் என்றார்கள். இன்பராஜ் கேட்கவில்லை. அவள் கடைசியாக அளவு வைத்துக் கொடுத்த செட்டைத் தானே தூக்கிவந்து, தானே வயர் இழுத்து, மாடியில் ஹாரன் ஸ்பீக்கர் கட்டினான். வசந்த் வந்தான். அழுதான். பெட்டியின் தலைமாட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தான். மண் போட்டான். அங்கிருந்து நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டான்.

வீட்டில் நாற்காலிகளை அடுக்கி எடுத்துப்போனார்கள். சாமியானா இறங்கியது. இன்பராஜ் செட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். மகள் கிறிஸ்டினா வந்து நின்றாள்.

“ப்பா, எல்லாரும் போய்ட்டாங்க. செட்ட ஆஃப் பண்ணு.”

“உங்க மாமா வந்து சொல்லணும்.”

“மாமா இந்நேரம் வாலாஜா போய்ச் சேந்திருப்பாரு.”

“வருவான்.”

“வரலன்னா?”

“வராம எங்க போவான்? அவ பொறந்த வீடு அவன் ஒருத்தன்தான்.”

மூன்றாம் நாள் ஜெபம் முடிந்தது. முப்பதாம் நாள் ஜெபமும் முடிந்தது. வசந்த் வரவில்லை. செட்டு ஓடிக்கொண்டிருந்தது.

பாட்டு இல்லை, பேச்சு இல்லை. முன்னால் ஒரு சின்ன சிவப்பு விளக்கு, மேலே வெதுவெதுப்பு, அவ்வளவுதான். அந்த வெதுவெதுப்புக்குத் தெரு பழகிக்கொண்டது. எதிர்வீட்டுக்காரி இட்லி மாவுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து மேலே வைத்தாள். ஒரு மணி நேரத்தில் மாவு பொங்கி மூடியைத் தள்ளியது. ஒரு பூனை ஏறிப் படுத்துக் குட்டி போட்டது. அந்தக் குட்டிகள் வாழ்நாளில் ஒருநாளும் குளிரில் நடுங்கியதில்லை என்பதோடு, அவை கத்தும்போது லேசாக எக்கோவும் வரும். மழைக்காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஷூக்கள் வரிசையாக வந்து நின்றன. ஊரே ஷூ தைக்கிற ஊர், ஷூ காயவைக்க மட்டும் இன்பராஜ் வீடு. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் இன்வெர்ட்டர். அது இளைத்துப்போனால் ட்ராக்டர் பேட்டரி. ஒருமுறை பேட்டரியும் காலியானது, ஆனாலும் செட்டு அணையவில்லை. அன்றைக்கு அது எதில் ஓடியது என்று இன்றுவரை மின்வாரியத்துக்குத் தெரியாது.

பஜாரில் ரேடியோ சாமான் கடை வைத்திருக்கும் இஷ்தியாக் அகமது வாரம் தவறாமல் வந்து பார்த்துவிட்டுப் போவார். இன்பராஜுக்கு ட்ரான்சிஸ்டர் விற்றே முடி நரைத்தவர்.

“இன்னா தோஸ்த், இன்னும் ஓடுதா?”

“ஓடுது பாய்.”

“பேஜார் புடிச்ச வேலைப்பா இது. நீயும் தூங்கறதில்ல, செட்டும் தூங்கறதில்ல. நான் சொல்றேன் கேளு. போதும். ஆஃப் பண்ணு.”

“நீ அவ பொறந்த வீடா?”

“நோம்புக் கஞ்சி குடுத்தா அண்ணான்னு சொல்லி வாங்கிக் குடிச்சா இல்ல? அப்ப நான் அண்ணன்தான்.”

“உன் கஞ்சி குடிச்சவங்க எல்லாம் தங்கச்சின்னா ஆம்பூர்ல பாதி பேரு உனக்குத் தங்கச்சி பாய்.”

பாய் சிரிக்கப் பார்த்தார். செட்டின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார், காய்ச்சல் பார்ப்பதுபோல. சிரிப்பு நின்றுவிட்டது.

“சூடு ஜாஸ்தியா கீதே இன்பராஜ்.”

“தெரியும்.”

“ட்ரான்சிஸ்டர் களைச்சிப் போச்சி. மாத்தணும்.”

“மாத்தணும்னா அணைக்கணும்.”

அதுதான் இன்பராஜை அரித்துக்கொண்டிருந்தது. எந்த செட்டும் என்றைக்குமாக ஓடாது. வார்த்தை வருவதற்குள் இது தானாகப் போய்விட்டால், மாமனாருக்கு நடந்ததே அவர் மகளுக்கும் நடந்ததாகிவிடும். அன்றைக்காவது மறுபடி ஒட்டிப் போட பெட்டி பந்தலில் இருந்தது. இப்போது யாருக்காகப் போடுவது? அவள் ஒருத்திக்காவது முறையாக நடக்க வேண்டும். அதற்கு வசந்தின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வேண்டும். இன்பராஜ் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான்.

கடைசியில் அவனே ராணிப்பேட்டைக்கு பஸ் ஏறினான். அதுவரை செட்டைப் பார்த்துக்கொள்ள கிறிஸ்டினா கம்பெனிக்கு லீவு போட்டாள். தோல் ஷாப் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றான். ஷிப்ட் விட்டு வந்த வசந்தின் கை முழங்கைவரை காப்பிப் பொடி நிறத்தில் இருந்தது. மாமாவைப் பார்த்ததும் அந்தக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“டீ சாப்டறியா வசந்து?”

“வேணாம்.”

“செட்டு ஓடினே இருக்குது.”

“கிறிஸ்டினா சொல்லுச்சி.”

“வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. அப்பறம் என் மூஞ்சியிலயே முழிக்க வேணாம்.”

வசந்த் தரையைப் பார்த்தான். “அன்னிக்கி எங்கப்பனுக்கு நான் சொல்லாமயே நிறுத்தின. இன்னிக்கி எங்கக்காவுக்கு நான் சொல்லாம நிறுத்த முடியல. நல்லா இருக்குது மாமா உன் நியாயம்.”

“தப்புதான்டா. அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற? கால்ல உழட்டுமா?”

“உழுந்தாலும் சொல்ல மாட்டேன்.” வசந்தின் தாடை ஆடியது. “சொல்லிட்டா அக்கா போய்டும்.”

இத்தனை நாள் இன்பராஜ், தான் ஒருவன்தான் அந்தச் சூட்டில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக நினைத்திருந்தான். சொன்ன டீ இரண்டும் ஏடு படிந்து கிடந்தன. யாரும் குடிக்கவில்லை. திரும்பி வந்த பஸ்ஸில் கண்டக்டர் ஆம்பூர் ஆம்பூர் என்று கத்தியது அவன் காதில் விழாமல் வாணியம்பாடிவரை போய்த் திரும்பி வந்தான்.

அதன்பிறகு செட்டைக் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது. கறுப்புத் துணியில் சுற்றிவைத்திருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். அமிர்தவள்ளியின் குரலுக்கு வைத்த திருகாணியை, செட்டு ஓடும்போதே, கொஞ்சம் பின்னுக்குத் திருப்பினான். பயாஸ் இறங்கியது. சூடு தணிந்தது. பூனை ஒருமுறை கண் விழித்து, இடம் மாறிப் படுத்தது. செட்டு பிழைத்துக்கொள்ளும், ஆனால் அவள் வந்து முணுமுணுத்தால் இனி முழுசாக வராது. “அவதான் வரப்போறதில்லியே” என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

கிறிஸ்டினா போன் எடுத்து மாமாவைக் கூப்பிட்டாள். திட்டினாளா, அழுதாளா என்று தெரியாது. மாடியில் நின்று பேசினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து தெருவே கறி வாங்கிக்கொண்டு திரும்பும் நேரத்தில், வசந்த் வாசலில் வந்து நின்றான். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தான். நகக்கண்ணில் மட்டும் சாயம் போகவில்லை.

“உள்ள வா மச்சான்” என்றான் இன்பராஜ்.

வசந்த் செட்டைப் பார்த்தான். பூனையைத் தூக்கிக் கீழே விட்டான். மைக் இன்னும் ஸ்டாண்டில் இருந்தது, அமிர்தவள்ளியின் உயரத்துக்கு. குனிந்து அதன் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், மிக மெதுவாக, “அக்கா” என்றான்.

மாடி ஹாரனிலிருந்து நறநறவென்று ஏதோ உதிர்ந்தது. குரல் மாதிரியே இல்லை.

“இன்னா மாமா இது? உடையுது.”

“கம்மி பண்ணி வெச்சிருக்கேன்டா. ஏத்தினா செட்டு போய்டும்.”

“ஏத்து.”

“போய்டும்னு சொல்றேன்.”

“போவட்டும். அக்காகிட்ட நான் உடைஞ்சி பேச மாட்டேன். ஏத்து மாமா.”

இன்பராஜ் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். கிறிஸ்டினா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மயிரிழை, இன்னொரு மயிரிழை. வசந்த் ஒவ்வொரு தடவையும் “அக்கா” என்று சொல்லிப் பார்த்தான். குரலில் இருந்த மணல் குறைந்தது. ஒரு கட்டத்தில் அந்த வார்த்தை முழுசாக, பிசிறு இல்லாமல், தெருவின் மேல் இறங்கியது. கறிப் பையோடு போனவர்கள் நின்றார்கள்.

“அக்கா, நான் வசந்து” என்றான் அவன். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. “நைனா செத்தன்னிக்கி நான் விடிகாலைல இருந்து சாப்டலக்கா. பந்தல்ல உக்காந்துனு எப்பதான் முடியும்னு இருந்துச்சி. போதும்னு மனசுக்குள்ள நான் எப்பவோ சொல்லிட்டேன். சொன்ன மறுநிமிஷம் மாமா நிறுத்திட்டாரு. என் மனசு வெளிய கேட்டுடுச்சோன்னு பயந்துட்டேன். அதான் கத்தினேன். இத்தினி வருஷமா கத்தினு கீறேன். உனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் நீ ஒண்ணும் கேக்கல.”

மேலே தகடு தொட முடியாத சூட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வார்னிஷ் வாடை வந்தது. இன்பராஜ் சுவிட்சுப் பக்கம் போகவில்லை. இந்த முறை எரிந்தாலும் எரியட்டும் என்று நின்றான்.

வசந்த் மூச்சை இழுத்துக்கொண்டான். நிமிர்ந்தான். மைக்கில் சொல்லவில்லை. மாமாவைப் பார்த்துச் சொன்னான்.

“போதும் மாமா.”

இன்பராஜின் கை சுவிட்சுவரை போனது, அதற்குமேல் போகவில்லை. இத்தனை நாள் இந்த ஒரு வார்த்தைக்காக அலைந்தவன், அது வந்ததும், காது கேட்காதவன் மாதிரி நின்றான். வசந்த் அவன் விரல்மேல் தன் விரலை வைத்து அழுத்தினான். சிவப்பு விளக்கு அணைந்தது.

வீடு அவ்வளவு அமைதியாக ஆகும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அதுவரை ஒரு சத்தமும் இல்லைதான்; ஆனாலும் ஏதோ ஒன்று நின்றுபோனது எல்லாருக்கும் கேட்டது. தகடு உடனே ஆறவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். முதலில் சுட்டது. அப்புறம் உடம்புச் சூடு மாதிரி இருந்தது. அந்த அளவில் கொஞ்ச நேரம் நின்றது. கிறிஸ்டினாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கைக்கும் நடுவில் இருந்த இடத்தில் தன் கையை வைத்தாள். அப்புறம் அது சாதாரண அலுமினியமாக ஆனது. வசந்த் கையை எடுத்தான், கிறிஸ்டினா எடுத்தாள். இன்பராஜ் எடுக்கவில்லை.